படிக்காதவர் எழுதும் தீர்ப்பு

கடையநல்லூரில் ஒரு நிக்காஹ் வீட்டில் விருந்துக்காகக் காத்திருந்தோம். நம் கையில் தோப்பில் முஹம்மது மீரானின் ‘சாய்வு நாற்காலி’ இருந்தது. பக்கத்தில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் அதனை வாங்கினார்; அட்டையைப் பார்த்தார்; பின்னட்டையைப் பார்த்தார்; உள்ளே ஒரு பக்கத்தையும் திறவாமல் திருப்பித் தந்தார். “நம்மவர்களை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைத்த நூல் அல்லவா இது? நீங்களுமா தம்பி இதையெல்லாம் வாசிக்கிறீர்கள்?” என்றார். “மாமா, தாங்கள் இதைப் படித்ததுண்டா?” என்று பணிவோடு கேட்டோம். “இதைப் படித்து வேறு பார்க்க வேண்டுமா?” என்று பதில் வந்தது.

அந்தப் பதில்தான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. அப்பெரியவர் மீது நமக்குக் கோபம் இல்லை. தொழுகையும் தருமமும் தவறாத நல்ல மனிதர் அவர். ஆனால் அவர் வாயிலிருந்து வந்த சொல் அவருடைய சொல் மட்டும் அன்று. தமிழ்நாட்டில் இன்று எல்லாச் சமுதாயங்களிலும், எல்லாச் சாதிகளிலும், எல்லாக் கட்சிகளிலும் அச்சொல் வழங்குகிறது. படிக்காமலே ஒரு நூலுக்குத் தீர்ப்பு எழுதலாம் என்பதே அதன் பொருள். அதனை மறுத்துரைப்பதே நம் நோக்கம்.

நாம் வாழ்வது ராயகிரியில். மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தில், சிவகிரிக்கு அருகே உள்ள சிறிய பேரூர். சங்கரன்கோவில் வட்டாரம் என்று சொன்னால்தான் வெளியூரார்க்கு விளங்கும். 2019-இல் திருநெல்வேலியிலிருந்து தென்காசி தனி மாவட்டமான பின்னும் நல்ல நாவல் ஒன்று வேண்டுமானால் திருநெல்வேலிக்குப் பேருந்து ஏற வேண்டும். அல்லது அஞ்சலில் வரவழைக்க வேண்டும். அவ்வாறு சிறுகச் சிறுகச் சேர்த்த நம் அலமாரியில் கி. ராஜநாராயணனும் பூமணியும் இருக்கிறார்கள். சோ. தர்மனும் இமையமும் இருக்கிறார்கள். ஜோ டி குரூஸ், பெருமாள்முருகன், மீரான், சல்மா, கீரனூர் ஜாகிர்ராஜா, அர்ஷியா ஆகியோரும் அருகருகே நிற்கிறார்கள். நாம் பேராசிரியர் அல்லர், திறனாய்வாளரும் அல்லர். காசு கொடுத்து வாங்கி, கண் விழித்துப் படிக்கின்ற வாசகர். அந்த ஒரு தகுதியைக் கொண்டே பேசுகிறோம்.

எதிர்ப்போர் கூற்றை முதலில் நேர்மையாக எடுத்து வைப்போம். அவர்கள் மூன்று குற்றங்கள் சாட்டுகிறார்கள். ஒன்று, நாவல் என்பது வீண் பொய்; மார்க்க நெறியில் நிற்போர்க்கு ஆகாதது. இரண்டு, நம் வீட்டுக் குறைகளை ஊரார் முன் விரித்துக் காட்டுகிறது; நம்மைப் பழிக்கவென்றே காத்திருப்போர்க்கு அது கருவியாகிறது. மூன்று, பிறர் எழுதும் நாவல்களோ நம்மை இழிவு செய்கின்றன. அவற்றை நாம் ஏன் காசு கொடுத்து வாங்க வேண்டும்? இவற்றை அற்ப வாதங்கள் என்று தள்ளிவிட நாம் ஒருப்படோம். ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்ப்போம்.

முதலாவது குற்றம் நம் முன்னோர் அறியாத குற்றம். கிஸ்ஸா, மசலா, நாமா, படைப்போர் என்று தமிழுக்குப் புதிய இலக்கிய வகைகளைக் கொண்டு வந்து சேர்த்தவர்கள் தமிழ் முஸ்லிம்கள். அவற்றுள் பெரும்பாலானவை கதை சொல்பவை. மாலை வேளைகளில் வீட்டு முற்றங்களில் ஒருவர் பாட, பலர் கூடிக் கேட்ட கதைகள் அவை. அப்படிக் கதை கேட்டு வளர்ந்த சமுதாயம், அச்சு வந்தபோதும் பின்தங்கவில்லை. தமிழின் முதல் நாவல் என்று போற்றப்படும் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879-இல் வெளிவந்தது. ஆறே ஆண்டுகள் கழித்து, 1885-இல், கண்டியைச் சேர்ந்த சித்தி லெவ்வை ‘அசன்பே சரித்திரம்’ என்னும் நாவலை வெளியிட்டார். அவர் பொழுதுபோக்குக்காகப் பேனா எடுத்தவர் அல்லர். இலங்கை முஸ்லிம்களின் கல்விக்காக வாழ்நாளைச் செலவிட்ட வழக்கறிஞர், இதழாசிரியர், மார்க்கப் பற்று மிக்கவர். நாகூர்ப் பெண்மணி சித்தி ஜுனைதா பேகம் ‘காதலா கடமையா’ நாவலை வெளியிட்ட ஆண்டு 1938. முஸ்லிம் பெண் எழுத்தறிவு பெறுவதே அரிதாயிருந்த நாள் அது. நாவல் ஆகாது என்போர் இவ்விருவரையும் என்ன செய்யப் போகிறார்கள்? இறைவன் அருளிய முதல் வசனத்தின் முதற்சொல் ஓதுதலைப் பற்றியது என்று மேடைதோறும் பெருமை பேசும் நாம், ஒரு நூலைத் திறவாமல் திருப்பித் தருவதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

இரண்டாவது குற்றச்சாட்டே கனமானது. வீட்டுக் குறையை வெளியில் சொல்லலாமா?

மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யை எடுத்துக் கொள்வோம். ஊரைத் தம் கைக்குள் வைத்திருக்கும் செல்வர் ஒருவர். அவருக்கு அஞ்சாத சுறாப்பீலி வியாபாரி ஒருவர். மூட நம்பிக்கையை முதலாக்கிப் பிழைக்கும் தங்கள் ஒருவர். ஊருக்கு ஆங்கிலப் பள்ளிக்கூடம் வந்தால் மார்க்கம் போய்விடும் என்று அஞ்சும் கூட்டம். இவற்றையெல்லாம் மறைக்காமல் எழுதினார். 1988-இல் நூலாவதற்கு முன் அக்கதை தொடராக வெளிவந்தது எங்கே? ‘முஸ்லிம் முரசு’ இதழில்தான். ஒரு முஸ்லிம் இதழ், முஸ்லிம் வாசகர் கையில், அக்கதையை மாதந்தோறும் கொடுத்தது. அன்று எந்த வானமும் இடிந்து விழவில்லை. மாறாக, மலையாள வழியில் படித்து, திருநெல்வேலியில் மிளகாய் வற்றல் வணிகம் செய்து வாழ்ந்த ஒரு மனிதர், தேங்காப்பட்டணத்துப் பேச்சுத் தமிழைத் தமிழிலக்கியத்தின் முன்வரிசையில் கொண்டு வந்து நிறுத்தினார். 1997-இல் ‘சாய்வு நாற்காலி’க்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. 2019-இல் அவர் மறைந்தபோது அவரைத் தம் எழுத்தாளராக எண்ணி வருந்தியோர் எல்லாச் சமயத்திலும் இருந்தனர். இதுவா தலைகுனிவு?

‘சாய்வு நாற்காலி’யைப் படித்தபோது நமக்கு என்ன நேர்ந்தது என்பதையும் சொல்லிவிடுவோம். முஸ்தபாக்கண்ணு என்னும் அந்த வீட்டுத் தலைவர், முன்னோர் பெருமையைப் பேசியபடியே, வயிற்றுக்காக வீட்டுப் பொருள்களை ஒவ்வொன்றாக விற்றுத் தின்கிறார். பெண்களை அடிக்கிறார். நாற்காலியை விட்டு எழ மறுக்கிறார். சில பக்கங்களில் அக்கொடுமை அளவு மீறித் திகட்டுகிறது என்பதை மறைக்க மாட்டோம். ஆயினும் நூலை மூடிய பின் நாம் எண்ணியது தென்பத்தன் கிராமத்தை அன்று. பாட்டனார் பெருமையை மட்டும் பேசிக்கொண்டு, பிள்ளைகளின் படிப்புக்கான நிலத்தை விற்றுச் சாப்பிட்ட நம் உறவினர் ஒருவரை எண்ணினோம். பின்னர் நம்மையே எண்ணினோம். நம் முகத்தை நமக்கே காட்டிய நூலைப் பகைவன் கைக்கருவி என்று எப்படிச் சொல்வது?

சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ 2004-இல் வந்தது. வீட்டுக்குள் வாழும் பெண்களின் பேச்சும் சிரிப்பும் ஏக்கமும் அச்சமும் நிறைந்த பெரிய நாவல். ராபியா என்னும் சிறுமியின் கண் வழியே நாம் அந்த வீடுகளுக்குள் செல்கிறோம். இந்நூலைப் பற்றி நமக்குக் குறைகளும் உண்டு. ஆண்கள் பெரும்பாலும் நிழல்களாகவே வந்து போகிறார்கள். ஒரு தகப்பனின் மனத்துக்குள்ளும் ஆசிரியர் நுழைந்து பார்த்திருக்கலாம் என்று எண்ணினோம். சில இடங்கள் நம்மைக் கூச வைத்தன. ஆனால் பிர்தவ்ஸுக்கு நேர்கின்ற முடிவைப் படித்த இரவு நாம் உறங்கவில்லை. குடும்பத்தின் மானம் என்னும் ஒரு சொல்லுக்காகப் பெற்ற தாயின் கையே எதுவரை போகும் என்பதை அப்பக்கங்கள் காட்டுகின்றன. இது பொய் என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லத்தக்கவர் எந்தச் சமுதாயத்தில் உண்டு? நோயை மறைப்பவன் நோயாளிக்கு நண்பன் ஆவதில்லை.

வீட்டுக் குறையை வெளியில் சொல்லக்கூடாது என்னும் நெறியைக் கடைப்பிடித்தவர்கள் செய்தது என்ன? 2007-இல், ஒரு கட்டுரைக்காகக் கவிஞர் ஹெச்.ஜி. ரசூலைத் தக்கலையில் ஊர்விலக்கம் செய்தார்கள். அக்கட்டுரையின் கருத்து நமக்கும் உடன்பாடானது அன்று என்றே வைத்துக் கொள்வோம். கட்டுரைக்குக் கட்டுரையால் மறுப்பு எழுதத் தடுத்தவர் யார்? மறுப்பு எழுத வேண்டுமானால் படிக்க வேண்டும், சிந்திக்க வேண்டும், உழைக்க வேண்டும். விலக்கி வைப்பதற்கு அவை எவையும் வேண்டா.

இது நம் சமுதாயத்தின் நோய் மட்டுமோ என்றால், அன்று. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010-இல் வெளிவந்தது. நான்காண்டுகள் அது வாசகர் கையில் இருந்தது. 2014 இறுதியில் திடீரெனத் திருச்செங்கோட்டில் கிளர்ச்சி எழுந்தது. நாவலின் சில பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து, படியெடுத்து, ஊரெங்கும் கொடுத்தார்கள். முழு நூலையும் எவரும் இலவசமாகக் கொடுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பொன்னாவும் காளியும் குழந்தையில்லாத துயரில் ஒருவரையொருவர் எவ்வளவு நேசித்தார்கள் என்பது அந்தப் படிகளில் இல்லை. ஊராரின் குத்தல் பேச்சு ஒரு நல்ல குடும்பத்தை எங்கே கொண்டுபோய் நிறுத்திற்று என்பதும் இல்லை. 2015 சனவரியில் அந்த எழுத்தாளர் தாம் இறந்துவிட்டதாகவே அறிவிக்க நேர்ந்தது. 2016 சூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. பிடிக்காத நூலைத் தூக்கி எறியும் உரிமை வாசகனுக்கு உண்டு. எழுத்தாளனை எழுதாமல் செய்யும் உரிமை எவருக்கும் இல்லை என்பதே அத்தீர்ப்பின் சாரம். நீதிபதிகள் நூலைப் படித்துவிட்டுத் தீர்ப்பளித்தார்கள். ஊரார் தீர்ப்பளித்துவிட்டுப் படிக்காமலே போனார்கள்.

அண்டை மாநிலத்தையும் பாருங்கள். கன்னட எழுத்தாளர் பானு முஷ்தாக்கின் சிறுகதைத் தொகுதி, தீபா பாஸ்தியின் ஆங்கில மொழிபெயர்ப்பில், 2025-இல் சர்வதேச புக்கர் பரிசைப் பெற்றது. சிறுகதைத் தொகுதி ஒன்றுக்கு அப்பரிசு கிடைத்தது அதுவே முதல் முறை. பெண்கள் பள்ளிவாசலில் தொழும் உரிமையைப் பேசியதற்காக, 2000-ஆம் ஆண்டில் அவரைச் சமுதாயப் புறக்கணிப்புக்கு ஆளாக்கியவர்கள் நம்மவர்கள். பரிசு பெற்ற அதே 2025-இல், மைசூர் தசரா விழாவைத் தொடங்கி வைக்க அவரை அழைத்தபோது, முஸ்லிம் ஒருவர் அதைச் செய்யலாகாது என்று நீதிமன்றம் வரை சென்றவர்கள் பிறர். இரு சாராரின் முழக்கங்களிலும் அவருடைய கதைகளைப் பற்றிய ஒரு வாக்கியத்தையேனும் நாம் கேட்டோமில்லை. படிக்காதவர்களின் கட்சி ஒன்றே. கொடிதான் வேறு வேறு.

இனி மூன்றாவது குற்றச்சாட்டு. இதில் நமக்கே வலி உண்டு; அதை ஒளிக்காமல் சொல்வோம்.

கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ 1976-இல் வெளிவந்தது. கோவில்பட்டிக்கு அருகே இடைசெவலில் பிறந்து, கரிசல் மண்ணின் பேச்சை இலக்கியமாக்கிய மேதை அவர். நம் வட்டாரத்துக் காற்றும் வெயிலும் அவர் எழுத்தில் உண்டு. அந்நூலை நாம் முதன்முதலில் படித்தபோது இருபது வயது. மெய்ம்மறந்து படித்துக்கொண்டே போனோம். தெலுங்கு நாட்டிலிருந்து அந்தக் குடும்பம் ஏன் தெற்கே வந்தது என்பதை வீட்டின் மிக முதிய மூதாட்டி மங்கத்தாயாரம்மாள் சொல்லுகின்ற பகுதி வந்தது. சென்னாதேவி என்னும் அழகியைத் துலுக்க ராஜா விரும்புகிறான். குடும்பத்தார் அவளைக் காக்க இரவோடிரவாகத் தப்பி ஓடுகிறார்கள். அந்த இடத்தில் நம் கை நின்றது. நாம் நேசித்த நூல் நம்மை வெளியே நிறுத்தியது போன்று ஓர் உணர்வு. சில நாள்கள் அந்நூலைத் தொடவில்லை.

பிறகு மீண்டும் எடுத்தோம். ஓடி வருகிறவர்களின் முன் பேராறு குறுக்கிடுகிறது. பின்னால் குதிரை வீரர்கள். அப்போது கரையில் நின்ற மரம் வளைந்து பாலமாகி அவர்களை அக்கரை சேர்க்கிறது. இதைப் படித்தபோது நமக்குத் தெளிவு பிறந்தது. இது பட்டயம் அன்று. ஒரு மூதாட்டியின் நினைவு. வேரற்று, நாடற்று வந்த ஒரு மக்கள் கூட்டம், தன் துயரத்துக்குக் காரணமும் தன் பிழைப்புக்கு அற்புதமும் தேடிக் கட்டிக்கொண்ட கதை. மரம் வளைந்ததை வரலாறு என்று எவரும் கொள்வதில்லை. அவ்வாறிருக்க, அந்த அரசனை மட்டும் வரலாறு என்று கொள்வது ஏன்? அக்கதையைக் காட்டி முஸ்லிம்களைப் பழிப்போர்க்கும் இக்கேள்வி, அக்கதைக்காகக் கி.ரா.வைப் பகைப்போர்க்கும் இதே கேள்வி. இரு சாராரும் மரத்தை விட்டுவிட்டு ராஜாவை மட்டும் பிடித்துக் கொள்கிறார்கள்.

ஆயினும் வலி வலிதான். அதற்கு மருந்து என்ன? கதைக்கு மருந்து கதைதான். மங்கத்தாயாரம்மாளின் நினைவுக்கு மறுமொழி நம் வீட்டுப் பாட்டியின் நினைவாகத்தான் இருக்க முடியும். அவர் சொல்லிவிட்டார், நம் பாட்டி சொன்னாரா? சொன்னதை எவரேனும் எழுதினாரா? சிவகாசிக் கலவரம் நடந்தது 1899-இல். நூறாண்டுக்குப் பின்னும் அத்துயரை மறவாமல், ஆயிரம் பக்கங்களுக்கு மேல் ‘அஞ்ஞாடி’ எழுதினார் பூமணி. 2014-இல் அதற்கு அகாதெமி விருது கிடைத்தது. அதனை ஒரே மூச்சில் படிக்க நம்மால் இயலவில்லை. இரண்டு முறை இடையில் நிறுத்தினோம். ஆயினும் ஒரு வட்டாரத்தின் சலவைத் தொழிலாளியும் உழவனும் வணிகனும் அதில் இடம் பெற்றுவிட்டார்கள். உருளைக்குடிக் கண்மாயின் கதையைச் சோ. தர்மன் ‘சூல்’ ஆக்கினார்; அதற்கும் 2019-இல் அதே விருது. இவர்கள் எல்லாரும் நமக்கு அண்டை ஊரார். கடையநல்லூரின் தறிச் சத்தம் எந்த நாவலில் முழுமையாகக் கேட்கிறது? புளியங்குடி எலுமிச்சைச் சந்தையில் மூட்டை சுமக்கும் நம் சகோதரன் எந்தக் கதைக்குத் தலைவன்? வளைகுடாவிலிருந்து வரும் மடலுக்காகவும் பின்னர்த் தொலைபேசிக்காகவும் காத்திருந்தே முதுமையடைந்த மனைவியரின் இளமையைக் கணக்கெழுதியவர் யார்? பிறர் எழுதியதைக் குறை கூறும் நமக்கு, எழுதப்படாத இவை குறையாகத் தோன்றாதது வியப்பன்றோ?

எழுதத்தான் செய்கிறோம் என்று சிலர் சொல்லக்கூடும். நம் இதழ்களில் எத்தகைய கதைகள் வெளிவந்தன? நல்லவன் முதற்பக்கம் முதல் தொழுகிறான். தீயவன் இறுதிப் பத்தியில் திருந்துகிறான். இடையில் ஓர் அறிவுரை. இவற்றைப் படித்துத் திருந்தியவரை நாம் இதுவரை கண்டோமில்லை. நல்லவனுக்கும் ஒரு தடுமாற்றம் உண்டு, தீயவனுக்கும் ஒரு நியாயம் உண்டு என்பதை ஒப்பாத மனத்திலிருந்து கதை பிறவாது. மீன்காரத் தெருவிலும் முஸ்லிம்களுக்குள்ளேயே உயர்வு தாழ்வு உண்டு என்று கீரனூர் ஜாகிர்ராஜா எழுதினால் முகம் சுளிக்கிறோம். அந்தத் தெருவில் பெண் கொடுக்கவும் எடுக்கவும் மறுக்கும்போது மட்டும் நம் முகம் சுளிப்பதில்லை.

இவ்வளவும் நம்மை நோக்கிச் சொன்னோம். இலக்கிய உலகத்தாரை நோக்கியும் ஒரு சொல் உண்டு. தமிழ்க் கதைகளில் நெடுங்காலம் முஸ்லிம் எப்படி வந்தார்? பெருநாளுக்குப் பிரியாணி கொடுத்தனுப்பும் பாயாக வந்தார். அத்தர் விற்பவராக வந்தார். ஒருவருக்கும் பேச்சில்லாத விந்தைத் தமிழ் பேசுபவராக வந்தார். வீட்டில் அவருக்கு என்ன கவலை, கடையில் என்ன கடன், இரவில் என்ன கனவு என்று கேட்டவர் அரியர். இன்றோ வேறொரு வழக்கம் வந்திருக்கிறது. முஸ்லிம் எழுத்தாளர் தம் சமுதாயத்தைக் குறை கூறினால் மட்டுமே துணிச்சல் என்று கைதட்டுவது. மீரானைப் பாராட்டுவோரில் எத்தனை பேர் அவருடைய நகைச்சுவையைப் பாராட்டினர்? கடலும் மீனும் வறுமையும் கலந்த அந்த மொழியின் ருசியை எத்தனை பேர் எடுத்துச் சொன்னார்கள்? தலைப்பைக் கண்டு தூற்றுவோரும், கொள்கையைக் கண்டு போற்றுவோரும் ஒரே பள்ளியில் பயின்றவர்களே. இரு வகையாரும் நூலின் வெளியே நிற்கிறார்கள்.

அப்படியானால் எந்த நூலையும் கண்டிக்கலாகாதா என்று கேட்பீர்கள். தாராளமாகக் கண்டிக்கலாம். பகை நோக்கோடு எழுதப்படும் நூல்கள் இல்லையென்று நாம் சொல்லவில்லை, உண்டு. தோல்வியுற்ற நூல்களும் மிகப் பல உண்டு. முழுதும் படித்து, இன்ன பக்கத்தில், இன்ன பாத்திரத்துக்கு ஆசிரியர் அநீதி செய்தார் என்று எடுத்துக் காட்டும் கண்டனத்தைப் போல் எழுத்தாளனை நடுங்க வைப்பது வேறொன்றுமில்லை. ஊர்விலக்கத்துக்கு அவன் அஞ்சுவான். ஆனால் மதிக்க மாட்டான். படித்தவனின் கண்டனத்தை அவன் மதித்தே ஆக வேண்டும். ஆகவே, நாம் கேட்பது எழுத்தாளனுக்குச் சலுகை அன்று. வாசகனுக்கு உழைப்பு.

நிக்காஹ் வீட்டுக்கு மீண்டும் வருவோம். விருந்து முடிந்து புறப்படும்போது அந்நூலை அப்பெரியவரிடமே விட்டு வந்தோம். “படித்த பின் கிழித்தெறியுங்கள் மாமா; படிக்கும் முன் வேண்டா” என்று மட்டும் சொன்னோம். இரண்டு மாதங்கள் கழித்துத் தொலைபேசியில் அழைத்தார். நூல் தமக்குப் பிடிக்கவில்லை என்றார். முஸ்தபாக்கண்ணு போன்ற மனிதர் உண்டு, ஆனால் அவ்வீட்டில் ஒருவருக்குக்கூட நல்ல புத்தி இல்லாமற் போகுமா என்று கேட்டார். பின்னர், தம் பாட்டனார் வீட்டிலும் அப்படி ஒரு நாற்காலி கிடந்ததென்று சொல்லி, அரை மணி நேரம் அதன் கதையைப் பேசினார். நம் கருத்துக்கு அவர் வந்துவிடவில்லை. இன்றும் நம்மோடு வாதிட்டுக்கொண்டே இருக்கிறார். ஆனால் அது இப்போது படித்தவரின் வாதம்.

ஜமாஅத் பெரியோர்களே, இளைஞர்களே! திருமண வீடுகளில் தாம்பூலப் பைக்குச் செலவிடுகிறீர்கள். ஆண்டு விழா மேடைக்குச் செலவிடுகிறீர்கள். ஊருக்கு ஓர் அலமாரி வையுங்கள். அதில் நமக்குப் பிடித்த நூலும் இருக்கட்டும். பிடிக்காத நூலும் இருக்கட்டும். பெண்கள் எடுத்துச் செல்லத் தடை இல்லாமல் இருக்கட்டும். பாட்டனார் வீட்டு நாற்காலியின் கதையைச் சொன்ன அப்பெரியவரின் பேரனோ பேத்தியோ அவர் சொன்னதை எழுதத் தொடங்கட்டும். அதையும் திறவாமலே திருப்பித் தருவோர் அன்றும் இருப்பர். அவர்களுக்காக நாம் காத்திருக்க வேண்டியதில்லை.